போர்ட் தொரை

வட்டமான சலாமி இறைச்சித் துண்டு ஒன்றை நாலாக மடித்து, அடியைக் கிள்ளி நிறுத்தினால் பூ மாதிரி விரிந்து நிற்கும். ஐந்து துண்டில் ஐந்து பூ. ஐந்தையும் ஒரு மூலையில் நெருக்கி வைத்தால் அரைக் கிலோ இறைச்சி குவிந்து கிடப்பது போலத் தெரியும். அவர் இதைச் செய்யும்போது பார்க்க வேண்டும். நாக்கு நுனி வெளியே வந்திருக்கும், இடது கண் பாதி மூடியிருக்கும். கோயிலில் சாமிக்கு அலங்காரம் செய்கிற ஐயர்கூட அவ்வளவு பவ்வியமாக நிற்க மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதற்கு இத்தனை பக்தியா என்று நினைத்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

பதுளைப் பக்கம் தெமோதரைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் பழைய துரை பங்களா ஒன்று இருக்கிறது. கொழும்பு முதலாளி ஒருவர் அதை எடுத்து வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார். மொத்தம் ஆறு அறைகள். பூ செய்கிறவர் அங்கே மெனேஜர், நான் இரண்டாவது சமையல்காரன். முதலாவது சமையல்காரர் விலகிப் போன பிறகு வேறு ஆள் எடுக்கவில்லை. ஆகவே முதலாவதும் நான்தான், சம்பளம் மட்டும் இரண்டாவது. கழுவ, துடைக்க, காய் நறுக்க பார்வதி அக்கா இருந்தாள். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவள். கொழுந்தெடுக்கப் போய், சரிவில் விழுந்து, முழங்கால் கெட்டுப்போனவள். மலை ஏற முடியாது. சமதரையில் நின்று செய்யக்கூடிய வேலை என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

அவர், இவர் என்று மரியாதையாக எழுதுகிறேன். பழகிப்போய்விட்டது. சமையலறைக்குள் எங்களுக்கு அவர் 'போர்ட் தொரை'. சாயந்தரம் விருந்தாளிகள் விறாந்தையில் வந்து உட்கார்ந்ததும், பலகை ஒன்றில் இறைச்சியும் சீஸும் பழமும் பிஸ்கட்டும் பரப்பி அவர் கையாலேயே கொண்டுபோய் வைப்பார். அதற்குப் பெயர் போர்ட். சோறு கறி எல்லாம் என் பொறுப்பு, அதில் உப்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்க மாட்டார். போர்ட்டில் மட்டும் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. நான் வெட்டித் தரலாம், அக்கா எடுத்துத் தரலாம். அடுக்குவது அவர்தான்.

டுபாயில் ஏழு வருடம் பெரிய ஹோட்டலில் இருந்தாராம். அங்கே என்ன வேலை செய்தார் என்று கடைசிவரைக்கும் சொன்னதில்லை. கொஸ்லந்தப் பக்கம் லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் விருந்தாளி முன்னால் தமிழ் பேச மாட்டார். நான் தமிழில் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அக்கா கேட்டால் சிங்களத்தில் வரும். அக்காவுக்குச் சிங்களமும் அரைகுறைதான். சமையலறைக் கதவு சாத்தியதும் அதே வாயிலிருந்து, "என்னா பார்வதி, பலகைய தொடச்சியா இல்லியா?" என்று சுத்தத் தோட்டத்துத் தமிழ் வரும்.

அந்தப் பலகைக்கு ஒரு கதை வைத்திருந்தார். நூறு வருடத்துக்கு முந்திய தேயிலை ஃபெக்டரி மேசையில் அறுத்ததாம். விருந்தாளிகள் அதைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். அது பின்பக்கத்து உர ஸ்டோரின் கதவு. இற்றுப்போய் விழுந்து கிடந்ததை ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்து இழைக்கச் சொன்னபோது நானும்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் கதைதான். பதுளை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் குளிர் இறைச்சிக் கடையில் நான் வாங்கிவரும் மாட்டிறைச்சிச் சலாமிப் பெக்கட், விறாந்தைக்குப் போனதும் 'கொய்யா விறகில் புகை போட்டு ஒரு மலைக் குடும்பம் பரம்பரையாகச் செய்வது' ஆகிவிடும். இதை ஒருநாள் நானாவிடம் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்ப எங்கட ஃப்ரீசர்லயிருந்து பொக வருது என்டு சொல்லுங்க. ஆனா தம்பி, ஒன்டு கேளுங்க. பெக்கட்ட ஒடச்சா மூணு நாள். அதுக்கு மேல வச்சிக் குடுக்க வேணாம். அத ஒங்கட தொரைக்கிட்ட சொல்லிருங்க."

சொன்னேன். "மாடு வெட்டுறவனுக்கு சாக்கூட்டரி பத்தி என்னா தெரியும்?" என்றார். குளிர் இறைச்சி வகைகளுக்கான அந்தப் பிரெஞ்சுச் சொல்லை அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதியிருக்கிறேன்.

சீஸ் விஷயம் இன்னும் மோசம். மொனராகலையிலிருந்து சட்டியில் வருகிற எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் மிளகுத்தூளில் உருட்டி எடுப்பார். அது ருசியாகத்தான் இருக்கும். எருமைத் தயிர் என்று சொன்னாலே வெள்ளைக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர் சொல்வது, "மலை ஆட்டுப்பால் சீஸ்." உண்மையே போதுமாக இருக்கிற இடத்திலும் பொய் சொல்கிறவனை என்னவென்று சொல்வது?

ஜெர்மன் குடும்பம் ஒன்று அதைக் கேட்டுவிட்டு, அந்த ஆடுகளைப் பார்க்க வேண்டும் என்று நின்றது. கூட வந்த சின்னப் பெண் ஆடு, ஆடு என்று ஒரே பிடிவாதம். இவருக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் விடுவாரா? ஊர்வலம் மாதிரி எல்லாரையும் லயத்துக்கு நடத்திக்கொண்டு போனார். குடையைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். அன்றைக்கென்று பார்த்துப் பால் ஆடெல்லாம் மேய்ச்சலுக்குப் போய்விட்டது. கடைசிக் காம்பிரா வாசலில் ஒன்றே ஒன்று கட்டிக் கிடந்தது. கழுத்தில் மாலை, நெற்றியில் மஞ்சள், முறுக்கிய கொம்பு. மாடசாமிக்கு நேர்ந்துவிட்ட கெடா, அடுத்த வெள்ளிக்கிழமை அதற்குக் கடைசி நாள். இவர் அதைக் காட்டி, இந்த ஆட்டின் பாலில்தான் சீஸ் என்று கூசாமல் சொன்னார். ஜெர்மன்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மனைவியைப் பார்த்தார். கெடாவின் சொந்தக்காரர் வாசலுக்கு வந்து, "என்னாங்க சார், வெள்ளக்காரங்க நம்ம கெடாவ பாக்க வந்திருக்காங்க?" என்றார். அவருக்குப் பதில் சிங்களத்தில் கிடைத்தது.

அன்று எங்கள் தொரையை நினைத்துச் சிரித்தேன். சிரிக்க முடியாத நாளும் ஒன்று இருந்தது. அவருடைய சொந்தத் தாய்மாமன் கொஸ்லந்தயிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. முன்வாசல் வழியாகவே வந்துவிட்டார், பாவம். விறாந்தையில் விருந்தாளிகள் இருந்தார்கள். இவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. மாமன் தோளில் கையைப் போட்டு, ஆங்கிலத்தில், "எங்கள் சீஸ்காரர், மலையிலிருந்து நடந்தே வருவார்" என்றார். எல்லாரும் எழுந்து படம் எடுத்தார்கள். மாமனும் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு சமையலறை வழியாக அனுப்பப்பட்டபோது என்னிடம் கேட்டார்.

"ஏந் தம்பி, வெள்ளக்காரங்கக்கிட்ட என்னைய யாருன்னு சொன்னான்?"

"தாய்மாமன்னு சொன்னாருங்க."

"அப்புறம் ஏன் எல்லாரும் அப்புடி சிரிச்சாங்க?"

"சந்தோஷங்க."

மாமன் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவருக்காக நான் சொன்ன பொய் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பங்களா சமையலறைகளில் ஒரு வழக்கம் உண்டு. துரைமார் காலத்திலிருந்தே உண்டு. மேசைக்குப் போய்த் திரும்பி வருவது சமையலறைக்குச் சொந்தம். அதை அங்கேயே சாப்பிடலாம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம், நாய்க்கும் போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இவர் வந்ததும் அதை நிறுத்தினார். சாப்பிடக் கூடாது என்பதற்காக மட்டும் என்றால் பரவாயில்லை, கஞ்சன் என்று விட்டுவிடலாம். திரும்பி வரும் போர்ட்டில் கைபடாத பூக்களைப் பிரித்து, வினாகிரியில் நனைத்த துணியால் ஒற்றி, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி, பெட்டியில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைப்பார். மறுநாள் அதே துண்டு வேறு மூலையில் வேறு பூவாக நிற்கும். சீஸ் காய்ந்திருந்தால் விளிம்பைச் சீவிவிடுவார். திராட்சைக்கு மட்டும் மூன்று நாள் ஆயுள், அதற்குமேல் அது முகத்தைச் சுருக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்காவுக்கு இது அருவருப்பு. அவளுக்கு இறைச்சியே அருவருப்புத்தான், அதிலும் மாடு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருடாவருடம் முதல் பொங்கல் பானை வைப்பது அவள். மாட்டிறைச்சிப் பெக்கட்டை எடுக்க வேண்டி வந்தால் கையில் பொலித்தீன் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டுதான் எடுப்பாள். எடுத்த பிறகும் மூன்று தரம் சவர்க்காரம் போடுவாள். "மாடு கடிச்சிருமா பார்வதி?" என்று அவர் கிண்டல் செய்வார். வேலைக்குச் சேரும்போதே அக்கா கேட்டது அந்த ஒரு பைதான். அதை இல்லையென்று சொல்லாத அளவுக்கு மட்டும் அவர் நல்லவர்.

அந்த வாரம் மின்வெட்டு அதிகம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள், மனைவிக்குப் பிறந்தநாள். பெரிய போர்ட் வைக்க வேண்டும் என்று ஃப்ரிட்ஜில் இருந்த பெட்டிகளையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். அக்கா பையை மாட்டிக்கொண்டு ஒரு பெட்டியைத் திறந்தாள், உடனே தள்ளி வைத்தாள்.

"சார், இது நாறுதுங்க."

"அது நாத்தம் இல்ல, அதுதான் வாசன. இந்தச் சாமானெல்லாம் அப்புடித்தான் இருக்கும்."

"இல்லீங்க சார். சீஸு நாறும், எனக்குத் தெரியும். இது வேற."

"கருவாட்டு மூக்க வச்சிக்கிட்டு நீ எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா?" என்றார். என் பக்கம் திரும்பி, "வெட்டு" என்றார்.

நானும் முகர்ந்து பார்த்தேன். அக்கா சொன்னது சரி. மாடோ ஆடோ கோழியோ, கெட்டுப்போன இறைச்சியைத் தெரிந்துகொள்ள டுபாய்க்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பலகை விஷயத்தில் மட்டும் எங்கள் மூக்குக்கு மதிப்பில்லை என்று நாங்களே ஒத்துக்கொண்டு பழகியிருந்தோம். வெள்ளைக்காரன் சாப்பாடு, நமக்கென்ன தெரியும் என்று. வெட்டிக் கொடுத்தேன். அவர் பதினான்கு பூ செய்தார். விறாந்தையில் தம்பதி இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

மறுநாள் விடியும்போது இரண்டு பேருக்கும் வாந்தி, வயிற்றோட்டம். பதுளையிலிருந்து டொக்டர் வந்து இரண்டு பேருக்கும் சேலைன் ஏற்றினார். பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் கட்டிலில் படுத்தபடியே கணவன் இன்டர்நெட்டில் எழுதிவிட்டான், படத்தோடு. பத்து மணிக்கெல்லாம் கொழும்பிலிருந்து முதலாளி பேசினார். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகா சந்தோஷமாக இருந்தது எனக்கு. தொலைந்தான், இன்றோடு தொலைந்தான் என்று நினைத்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி அடித்திருந்தார். பண்டாரவளையில் ஹோட்டல் கோர்ஸ் படித்தவன் நான், ஆங்கிலம் வாசிப்பேன். பார்வதி என்பவர் கை கழுவாமல், வெறுங்கையால் மாட்டிறைச்சியை எடுத்துக் கையாண்டதை நான் என் கண்ணால் கண்டேன் என்று இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"சார், அக்கா மாட்ட கையால தொடமாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"யாருக்குத் தெரியும்? கொழும்புல இருக்கிறவருக்குத் தெரியுமா?"

"ஃப்ரிட்ஜு..."

"ஃப்ரிட்ஜ் கதைய எழுதலாம். அப்ப கத்தி புடிச்சது யாருன்னும் எழுதணும். ஒன் பேரு வரும். ஒனக்குக் கைக்குழந்தை இருக்குல்ல?" குரலை உயர்த்தவே இல்லை. "அவளுக்கு எப்புடியும் வயசாயிட்டுது. ஒரு கையெழுத்துதான், போடு."

பேனாவின் மூடியைக் கழற்றி, எழுத வசதியாகத் திருப்பிப் பிடித்து நீட்டினார். விருந்தாளிக்குக் கத்தியை நீட்டும்போதும் அப்படித்தான் கைப்பிடியை அவர்கள் பக்கம் வைத்து நீட்டுவார். அந்தப் பவ்வியத்தில் மட்டும் அவரிடம் குறை சொல்ல முடியாது.

நான் போட்டேன். ரொம்ப நேரம் யோசித்தேன், அழுதேன் என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. பேனா நன்றாக எழுதுகிறதே என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த நாள் அக்காவைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். விருந்தாளிகள் யாரும் பக்கத்தில் இல்லை, இருந்தும் சிங்களத்தில்தான். அக்கா பின்வாசலில் வந்து செருப்பைத் தேடினாள். முழங்கால் மடங்காததால் குனிய முடியாது, காலாலேயே துழாவினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய பையையும் தூக்கிக்கொண்டு சந்தியில் இருக்கிற பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தேன். அவளிடமிருந்து என்னை ஒளித்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி, பக்கத்திலேயே நடப்பதுதான்.

நிறுத்தத்துக் கட்டையில் உட்கார்ந்ததும் அக்கா கவரைப் பிரித்தாள். இரண்டு தாள்கள், இரண்டும் ஆங்கிலம். ஒன்று வேலையிலிருந்து நீக்குகிற கடிதம். மற்றது என் கையெழுத்து இருக்கிற அதே தாளின் போட்டோ கொப்பி. அதையும் சேர்த்து வைத்துக் கொடுத்திருந்தார், மனிதர். மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அவர் மறக்கிற ஆள் இல்லை.

"வாசிச்சுச் சொல்லு தம்பி."

வாசித்தேன். "வந்தவங்களுக்கு ஒடம்புக்கு முடியாம போயிருச்சாம். அதனால கிச்சன்ல ஆள கொறைக்கிறாங்களாம். ஒங்க வேலைக்கு நன்றின்னு போட்டிருக்கு."

"மத்த தாளு?"

"அதும் அதேதான்க்கா. கொப்பி."

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேல போனா போகுது தம்பி. நான் மாட்ட கையில தொட்டேன், சுத்தமில்லாம இருந்தேன்னு எழுதலியே? அப்புடி எழுதியிருந்தா கோயில் பக்கம் நான் எப்புடிப் போறது? அடுத்த மாசம் பொங்கப் பானை இருக்கு."

"சேச்சே, அதெல்லாம் இல்லக்கா."

"நீ வாசிச்சியே, அது போதும்." தாள்களை மடித்து, கவரில் போட்டு, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பதுளை பஸ் வளைவில் ஹோன் அடித்தது. எழுந்துகொள்ள என் தோளைப் பிடித்தாள். "எதுக்கும் நாளைக்கு மக வீட்டுக்குப் போறேன். மருமவன் இங்கிலீஸ் மாஸ்டர்தானே, ஒருக்கா வாசிச்சு, கொழும்புக்கு ஒரு பதிலும் எழுதித் தரச் சொல்றேன். நீ பத்திரமா இருந்துக்க தம்பி. அந்த ஆளு ஒன்னையும் மாட்டி வச்சிருவான்."

பஸ் போய்விட்டது. அந்தக் கவரைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். உண்மையைச் சொல்லி அவள் காலில் விழுந்திருக்கலாம். நாளைக்கு அந்த மருமகன் என் பெயரைச் சத்தமாக வாசிப்பார், மாமியார் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது மட்டும்தான் மேட்டில் ஏறும்போது மனதில் ஓடியது. அந்த மனிதரை எவ்வளவோ கேவலமாக எழுதிவிட்டேன், இன்னும் எழுதலாம். ஆனால் அந்தக் கொப்பியின் அடியில் இருந்தது அவருடைய கையெழுத்து இல்லை.

மேலே போனபோது புதிதாக நாலு பேர் வந்திருந்தார்கள். அவர் பலகையைத் துடைத்து, எல்லாம் அடுக்கி முடித்து, இரண்டடி பின்னால் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சார்" என்றேன்.